அந்த எஞ்சின் காட்சியை முடிக்க விடுங்கள்

உயிரோடிருக்கும் அமெரிக்க இயக்குநர்களில் தலைசிறந்தவர் யார் என்று இனி யாராவது என் முன்னால் பேச்செடுத்தால், பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும் கை கழுவிவிட்டு எழுந்துவிடுவேன். நேற்று அக்கா வீட்டில் நான்கு மணி நேரம் இதே பேச்சு. வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்ததால் தப்பித்து ஓடவும் வழியில்லை. நான்கு மணி நேரத்தில் ஒரு படத்தின் ஒரு காட்சியைப் பற்றியாவது யாராவது வாய் திறந்தார்களா? ஒரு முகம் மனத்தில் நின்றது, ஓர் இடத்தில் கண் கலங்கியது என்று ஒருவராவது சொன்னார்களா? பெயர்கள், பெயர்கள், பெயர்கள். வாக்காளர் பட்டியல் வாசிப்பது போல.

தொடங்கி வைத்தவர் அத்தான். "ஜேம்ஸ் கேமரூன்தான் மாப்பிள்ளை. உலகத்திலேயே அதிகம் வசூலித்த படம் 'அவதார்'. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?" என்றார். "அத்தான், அவர் கனடாக்காரர்" என்றேன். "எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்தானே" என்கிறார். தன்னைத் தூத்துக்குடிக்காரர் என்று யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால், "நான் பாளையங்கோட்டை" என்று அரைநாள் சண்டை போடுகிற மனிதர் இவர்!

அடுத்தவர் மாடிவீட்டு வாத்தியார். "கூப்ரிக்" என்றார். ஐயா, கூப்ரிக் 1999-இலேயே இறந்துவிட்டார். கேள்வியின் முதல் சொல்லே 'உயிரோடிருக்கும்' என்பதுதான். அதைச் சொன்னால், "கலைஞனுக்கு ஏது சாவு" என்று கையை விரித்தார். சரியென்று விட்டால், அடுத்து டேவிட் லிஞ்ச் என்கிறார். அவரும் 2025 ஜனவரியில் போய்விட்டார். லிஞ்சின் எந்தப் படம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "நிறையப் பார்த்திருக்கிறேன்" என்றார். நிறைய என்றால்? அதற்குள் அவருக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிட்டது.

அத்தானின் அண்ணன் மகன் பொறியியல் படிக்கிறான். அவனுக்கு நோலனைத் தவிர வேறு தெய்வம் கிடையாது. நோலன் லண்டனில் பிறந்தவர், ஆனால் அமெரிக்கக் குடியுரிமையும் உண்டு, போகட்டும், சேர்த்துக்கொள்ளலாம் என்று நானே விட்டுக்கொடுத்தேன். "அவர் படத்தில் உனக்குப் பிடித்த ஒரு காட்சியைச் சொல்" என்றுதான் கேட்டேன். "எல்லாக் காட்சியும்தான் மாமா" என்றான். சொல்லிவிட்டு, கைப்பேசியில் அந்தப் படத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக் காட்டினான். நான் உன்னைக் கேட்டேனா, அந்தப் போனைக் கேட்டேனா?

பிறகு ஆஸ்காருக்கு வந்தார்கள். ஆஸ்கார் வாங்காதவரைக் கணக்கில் எடுக்கக் கூடாதாம், அது வாத்தியாரின் சட்டம். மார்ட்டின் ஸ்கார்செஸி 1980-இல் 'ரேஜிங் புல்' எடுத்தார், இயக்குநர் விருது 'ஆர்டினரி பீப்பிள்' எடுத்த ராபர்ட் ரெட்ஃபோர்டுக்குப் போனது. 1990-இல் 'குட்ஃபெல்லாஸ்' எடுத்தார், 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' எடுத்த கெவின் காஸ்ட்னருக்குப் போனது. 'தி டிபார்ட்டட்' படத்துக்காக 2007-இல்தான் அவர் கைக்கு வந்தது. அப்படியானால் 2006 வரை அவர் ஒன்றுமே இல்லையா? 2007-இல் ஒரே இரவில் மேதையாகிவிட்டாரா? பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல்.

ஸ்கார்செஸி நமக்கு என்ன செய்தார் தெரியுமா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உதயசங்கர் எடுத்த 'கல்பனா' நம் சென்னையில், ஜெமினி ஸ்டுடியோவில் படமானது. 1948-இல் வந்தது. நாட்டியப் பேரொளி பத்மினி முதன்முதலாகத் திரையில் தோன்றிய படம். அந்தப் படத்தைப் புதுப்பித்து 2012-இல் கான் திரைப்பட விழாவில் திரையிட வைத்தது அந்த நியூயார்க்காரர் தொடங்கிய அமைப்பு. நம் ஊரில் எடுத்த படத்தை எங்கோ இருக்கிற மனிதர் தூசி தட்டிக் கொடுக்கிறார். இதை நான் முக்கால்வாசி சொல்வதற்குள் அத்தான், "அது நாட்டியப் படம் மாப்பிள்ளை, இங்கே இயக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார். இயக்கத்தைப் பற்றியா? எப்போது பேசினீர்கள்?

கடைசியில், போனால் போகிறது என்று என்னையும் கேட்டார்கள். "சார்லஸ் பர்னெட்" என்றேன்.

"யார்?" மூன்று பேரும் ஒரே குரலில்.

கேட்டதில் தவறில்லை. தெரியாமல் இருப்பதிலும் தவறில்லை. ஆனால் அடுத்த நொடி அத்தான் கைப்பேசியை எடுத்து அவருடைய வசூலைத் தேடினார் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தலைக்கேறியது.

"வசூல் இருக்கட்டும் அத்தான், ஒரு காட்சி சொல்கிறேன், கேளுங்கள்" என்று ஆரம்பித்தேன். 'கில்லர் ஆஃப் ஷீப்' என்று ஒரு படம். லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதி. ஆட்டுத்தொட்டியில் வேலை பார்க்கிற ஸ்டான் என்ற கறுப்பினக் குடும்பஸ்தன். அவனும் நண்பனும் ஒரு பழைய கார் எஞ்சின் வாங்கப் போகிறார்கள் என்றேன். "எத்தனை கோடி பட்ஜெட்?" என்றார் வாத்தியார். பத்தாயிரம் டாலருக்கும் குறைவு, பல்கலைக்கழகப் படிப்பை முடிக்க மாணவராக இருந்தபோது எடுத்தது, எழுதி இயக்கியது மட்டுமல்ல, ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அவரே என்றேன். "அப்படியானால் குறும்படம்" என்று அவரே தீர்ப்பெழுதினார். குறும்படம் இல்லை ஐயா, எண்பது நிமிடம். மறுபடியும் எஞ்சினுக்கு வந்தேன். படிக்கட்டில் இறங்குகிறார்கள் என்றேன். காபி வந்தது. யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று ஐந்து நிமிடம் ஆராய்ச்சி. மூன்றாம் முறை தொடங்கினேன். பையன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "மாமா, இது 2007 ரிலீஸ் என்று போட்டிருக்கிறதே, நீங்கள் பழைய படம் என்கிறீர்கள்" என்றான். அடேய், படம் முடிந்தது 1977-இல். அதில் வரும் பாடல்களுக்கு உரிமை வாங்கப் பணமில்லாமல் முப்பது ஆண்டு திரையரங்குக்கு வர முடியாமல் கிடந்தது. அந்த உரிமைக்கு மட்டும் பிறகு ஒன்றரை லட்சம் டாலர் ஆனது. படம் எடுத்த செலவைப்போல் பதினைந்து மடங்கு! இதைக் கேட்டு அத்தான், "பார்த்தாயா, வியாபாரம் தெரியாதவர்" என்றார்.

அங்கே முடிக்க விடவில்லை. இங்கே முடிக்கிறேன்.

அந்த எஞ்சினுக்குச் சம்பளக் காசைக் கொடுக்கிறான் ஸ்டான். இரண்டு பேரும் தூக்குகிறார்கள். படி இறங்குகிறார்கள். நீளமான படிக்கட்டு. ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்குகிறது, கை நழுவுகிறது, கீழே வைத்து மறுபடி தூக்குகிறார்கள். பர்னெட் அவசரப்படவே மாட்டார், அந்தக் கனம் நம் தோளில் ஏறும்வரை விடமாட்டார். ஒருவழியாகத் தெருவுக்கு வந்து, சிறிய லாரியின் பின்பக்கம் ஏற்றுகிறார்கள். விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும். விரல் நசுங்கிய நண்பன், இதுவே போதும் என்கிறான். மேட்டில் நிற்கிற வண்டியைக் கிளப்புகிறார்கள். எஞ்சின் உருண்டு தெருவில் விழுகிறது. இறங்கிப் பார்க்கிறார்கள். உடைந்துவிட்டது, இனி எதற்கும் உதவாது. யாரும் கத்தவில்லை, அழவில்லை, இசை இல்லை. ஏறிப் போய்விடுகிறார்கள். கேமரா வண்டியின் பின்புறத்திலிருந்து பார்க்கிறது. நடுத்தெருவில் அந்த இரும்பு சிறுத்துக்கொண்டே போகிறது.

ஒரு மாதச் சேமிப்பு ஒரு நொடியில் கைவிட்டுப் போன எந்த வீட்டுக்கும் அந்த இரும்பைத் தெரியும். எங்கள் அப்பா தவணையில் வாங்கிய கிரைண்டர், வீட்டுக்கு வந்த அன்றே வாசற்படியில் கல் உடைந்து நின்றபோது அம்மா ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள். அந்த முதுகை நான் வாட்ஸில் பார்த்தேன். இதைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு ஒரு மூன்று நிமிடம் தர முடியவில்லை உங்களால். ஆஸ்கார்தான் அளவுகோல் என்றால், 2017-இல் அவருக்குக் கௌரவ ஆஸ்காரும் கொடுத்திருக்கிறார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் வாத்தியாரே!

ஆறு மணிக்கு முடிவும் அறிவித்தார்கள். கேமரூன்தானாம். இரண்டுக்கு ஒன்று. நான் என் ஓட்டைப் போடவே இல்லை. கனடாக்காரர் என்று நான் சொன்னது சொன்னபடி காற்றில் போயிற்று. அத்தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எழுந்தேன். மழை விட்டபாடில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கறுப்புக் குடை தொங்கியது. மரக் கைப்பிடி, அதில் நீல இன்சுலேஷன் டேப் மூன்று சுற்று. சுற்றியவன் நான். போன வருஷம் ஐப்பசியில், "நாளைக்கே தந்துவிடுகிறேன் மாப்பிள்ளை" என்று அத்தான் வாங்கிப்போன என் குடை! ஒரு வருஷமாகக் கேட்கிறேன், பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்கிறார். எடுக்கக் கை நீட்டினேன். "அதை விடு மாப்பிள்ளை, அது வாத்தியாருடையது" என்றார்.