கைதட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த் மண்டபத்தில் நடந்த கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காணொளியை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் அமெரிக்கா, சீனா என்று எந்த முகாமிலும் சேராத நம் மலேசியாவைக் குத்தி, "எந்தப் பக்கமும் சேராத நாடு முதுகெலும்பில்லாத நாடு" என்று மேடையில் பேசியவர் மைக்கில் சொன்னதும் முன்வரிசை மொத்தமும் கைதட்டியதே, அதுதான் இன்னும் எரிகிறது.

முதுகெலும்பாம். அதே ஊரில்தான் விமானப்படைத் தளம் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டின் வான் பாதுகாப்புத் தலைமையகம் 1971-லிருந்து அங்கேதான். அதே 1971 நவம்பரில்தான் தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் கோலாலம்பூரில் கூடி, இது அமைதி, சுதந்திரம், நடுநிலை வட்டாரம் என்று அறிவித்தன. இரட்டை வேடம் என்பீர்கள். சின்ன நாடு வேறு எப்படிப் பிழைக்கும்?

என் அப்பா அந்தத் தளத்தில் ஸ்டோரில் வேலை பார்த்தவர். ஆஸ்திரேலியர்களின் மிராஜ் விமானம் கிளம்பினால் தகரக் கூரை அதிரும், அம்மா ஓடிப்போய் அலமாரி டம்ளர்களைப் பிடித்துக்கொள்வாராம். அந்த நாளில்தான், 1974 மே மாதம், அன்றைய பிரதமர் துன் ரசாக் பெய்ஜிங் போய்ச் சீனாவுடன் தூதரக உறவுக்குக் கையெழுத்துப் போட்டார். ஆசியானில் நாம்தான் முதல். காட்டில் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்த நேரம் அது, அவர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்த ஹாட்யாய் ஒப்பந்தம் வர 1989 ஆயிற்று. முதுகெலும்பு இல்லாதவர் செய்கிற காரியமா?

"2021-இல் 16 சீன விமானங்கள் நம் சரவாக் மாநிலத்துப் பக்கம் வந்தபோது என்ன கிழித்தோம்?" என்று கேட்பீர்கள், தெரியும். லாபுவான் தளத்திலிருந்து நம் ஹாக் போர் விமானங்கள் எழும்பின. சீனத் தூதரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்போம் என்று வெளியுறவு அமைச்சர் பகிரங்கமாகவே சொன்னார். சரவாக்கை ஒட்டிய லுகோனியா கடல்திட்டுப் பக்கம் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் சுற்றினாலும், சரவாக் கடலில் எரிவாயு எடுப்பதை நாம் நிறுத்தவில்லை. சத்தம் போடாமல் செய்தால் செய்யாததாகிவிடுமா?

மியன்மார்? சரி, அங்கே ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதிகளோடு ஆசியான் போட்ட ஐந்து அம்ச இணக்கம் 2021-லிருந்து படுத்தேதான் கிடக்கிறது. அதற்காக நாம் ஏதோ ஒரு முகாமில் போய் உட்கார்ந்திருந்தால் தளபதிகள் பயந்திருப்பார்களா? போங்கள்.

என் தம்பி பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு. 1972-இல் இன்டெல் வந்த காலத்திலிருந்து அந்த வட்டாரமே சிப்பை வைத்துத்தான் சாப்பிடுகிறது. முதலாளி அமெரிக்கன், பெட்டிகளில் பாதி சீனாவுக்குப் போகிறது என்கிறான் தம்பி. நாளைக்கே ஒரு பக்கம் சேர்ந்தால் முதலில் போவது அவன் ஓவர்டைம். மேடைக்கு வந்த பொன்னாடையும் வடையும் எங்கேயும் போகாது.

இதைத்தான் காணொளிக்குக் கீழே மரியாதையாக எழுதினேன். "அக்கா, நீங்க முறுக்குப் படம் போடுங்க, உலக அரசியல் உங்களுக்கு எதுக்கு" என்று ஒருவர் பதில் போட்டார். அதற்கு எத்தனை சிரிப்பு முகங்கள்! என் சொந்தக்காரர்களும் அதில் உண்டு. பெயரெல்லாம் பார்த்தேன்.

அப்புறம் ஒருவர், "நடுநிலை பேசுகிறவள் ஈழத்தை மறந்தவள்" என்று எழுதினார். இது எனக்கு வேண்டும்தான், இல்லையா? ஐயா, 2009 மே 27, ஜெனீவா. போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை ஆதரித்த 29 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இந்தியாவும்தான். அன்றைக்கு நாம் நடுநிலையாகவா இருந்தோம்? பக்கம் சேர்ந்தோம். நீங்கள் கேட்கிற அதே முதுகெலும்போடு கையைத் தூக்கினோம். 2012-இல் அதே மன்றத்தில் இலங்கை பற்றிய தீர்மானத்தில் ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்று ஒதுங்கினோம். அந்த ஒதுங்கல் முதல் முறையே நடந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. 2009-இல் நாம் கையைத் தூக்கிய அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. அந்த வாக்கைப் பற்றி இந்த மேடையில் ஒருநாளாவது பேசியிருக்கிறீர்களா?

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த யாராவது ஒருவர் இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். சிரிப்பு முகம் போடுகிறவர்களை இந்த முறை நீக்கிவிடுவேன், சொந்தக்காரராக இருந்தாலும்.