பேசேல்ல எண்டுறது பிழை தம்பி

“எங்கட வன்னி எம்பி ஹன்சாட்டில (பாராளுமன்றப் பேச்சுப் பதிவில) ரெண்டு பக்கம்தான், வேலையே செய்யேல்ல” எண்டு மேல போட்டிருக்கிறியள், அது அரைக் கணக்கு தம்பி. ஹன்சாட்டில வாறது சபைக்குள்ள பேசினது மட்டும்தான், அரச நிறுவனங்களை விசாரிக்கிற கோப் குழுவிலயோ துறைசார் மேற்பார்வைக் குழுவிலயோ அதிகாரிமாரைக் கூப்பிட்டு வைச்சுக் கேள்வி கேக்கிறதெல்லாம் அந்தக் கணக்கில வராது. பின்வரிசை ஆளுக்கு சபையில நேரம் கிடைக்கிறதே கட்சிக்கு ஒதுக்கினதில மிஞ்சினதுதான், அதுவும் அஞ்சு பத்து நிமிசம், மணி அடிச்சா இருக்கவேணும், ஊர்க் குளத்துப் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கினாலும் பாதியில நிக்கும். அதால நிமிசத்தை எண்ணாமல் வாய்மூல விடைக்கு என்ன வினா குடுத்தார், காணி விடுவிப்பைப் பற்றி அமைச்சரிட்டை என்ன பதில் வாங்கினார் எண்டு பாருங்கோ, அதுக்குப் பிறகு திட்டுங்கோ, நானும் சேர்ந்து திட்டுறன்.

நீங்கள் போட்ட பாராளுமன்ற வெறுங்கதிரைப் படமும் அப்பிடித்தான். 225 பேரில 20 பேர் இருந்தாலே கூட்டம் நடத்தலாம், பின்னேர ஒத்திவைப்பு விவாதத்தில அப்பிடித்தான் கிடக்கும்.

மற்றது, கிளிநொச்சி வன்னித் தேர்தல் மாவட்டமில்லை, யாழ்ப்பாணத்தோட. எங்கட 6 ஆசனமும் மன்னார், வவுனியா, முல்லைத்தீவுக்குத்தான். கிளிநொச்சியையும் சேர்த்து நீங்கள் போட்ட வன்னி எம்பிமார் பட்டியல்ல ஆள் கூடிப்போச்சு.