வெளியே வந்ததே பெருசாம்!

எங்கள் சித்தப்பா கொத்தனார். வேலை பார்த்த வீட்டுக்காரர் ஐந்து வாரக் கூலியைப் பாக்கி வைத்தார். கொஞ்சம் அழுத்திக் கேட்டதும், கம்பி திருடிவிட்டார் என்று ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார். பதினோரு நாள் சப்-ஜெயில். ஜாமீனில் வந்தபிறகு தினமும் காலை பத்து மணிக்குக் கையெழுத்து. எட்டு மணிக்குச் சாரத்தில் ஏற வேண்டிய வேலை அது. நடுவில் இறங்கி ஸ்டேஷனுக்குப் போகிற ஆளை எந்த மேஸ்திரி சேர்த்துக்கொள்வார்?

பிறகு ஆறு வருஷம் வாய்தா. சித்தி ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பஸ் 28, டீ 20, குமாஸ்தா 100. பல தேதிகளுக்கு நேரே 'ஜட்ஜ் லீவு' என்று மட்டும் இருக்கும். அன்றைக்கும் பஸ் 28தான். கடைசியில் குறுக்கு விசாரணையில், கம்பி பக்கத்துக் கொட்டகையிலேயே கிடந்தது என்று புகார் கொடுத்தவரே ஒப்புக்கொண்டார். விடுதலை. நஷ்டஈடு கேட்கலாமா என்றேன். வக்கீல் சித்தப்பாவின் தோளைத் தட்டி, "வெளிய வந்ததே பெருசுண்ணே, இத்தோட விட்டுருங்க" என்றார்.

ஏன் விட வேண்டும்?

சட்டத்தில் வழி இருக்கிறது. புகாருக்கு நியாயமான காரணமே இல்லையென்றால், விடுதலை செய்யும் மாஜிஸ்திரேட்டே புகார்தாரரிடம் விளக்கம் கேட்டு நஷ்டஈடு கட்டச் சொல்லலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 250ஆவது பிரிவு, இப்போதைய புதிய சட்டத்தில் 273. சித்தப்பா வழக்கில் அதை யாரும் வாயெடுத்துப் பேசவில்லை. காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தால் நஷ்டஈடு தர இன்னொரு பிரிவு உண்டு. அதன் உச்சவரம்பு 1,000 ரூபாய். 2023இல் சட்டத்தையே புதிதாக எழுதியவர்கள் அந்த ஆயிரத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலி.

நம்பி நாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில்காரர், இஸ்ரோ விஞ்ஞானி. 1994இல் உளவு வழக்கில் கைது, 50 நாள் சிறை. வழக்கு பொய் என்று சிபிஐ 1996லேயே சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றம் 50 லட்சம் கொடுக்கச் சொன்னது 2018இல். அவருக்கே 24 வருஷம்! குஜராத் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் தூக்குத் தண்டனை வரை போய் 2014இல் விடுதலையானவர்கள் நஷ்டஈடு கேட்டபோது, 2016இல் அதே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்படியானால் இது உரிமையா, அதிர்ஷ்டமா?

2018இல் சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில், தவறாக வழக்கில் சிக்கவைக்கப்பட்டவர்களுக்கு அரசே நஷ்டஈடு தர வேண்டும், அதற்குத் தனி நீதிமன்றங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்னும் சட்டம் வரவில்லை. ஜெர்மனியில் தவறாகச் சிறையில் கழிந்த ஒவ்வொரு நாளுக்கும் 75 யூரோ என்று 2020இல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிரூபிக்க முடியாத புகாரெல்லாம் பொய்ப் புகார் ஆகாது. சாட்சி பயந்து பின்வாங்கியதால் தோற்றுப்போன பெண்களும் தலித் மக்களும் எத்தனை பேர்! அவர்கள் மேல் இதைத் திருப்பிவிடக் கூடாது. தெரிந்தே பொய் சொன்னார் என்று நிரூபணமானால் மட்டும் புகார்தாரர் கட்டட்டும். மற்றபடி, விசாரிக்காமல் பிடித்து உள்ளே வைத்தது போலீஸ் என்றால் அரசு கட்ட வேண்டும். அதையும் விடுதலைத் தீர்ப்பிலேயே எழுத வேண்டும். இன்னொரு வழக்குப் போட்டு இன்னொரு ஆறு வருஷம் அலைய சித்தப்பாவுக்குத் தெம்பு இல்லை.

அந்த ஐந்து வாரக் கூலியும் இன்றுவரை வரவில்லை.