அற்புதம் என்று சொல்லாதீர்கள்

இம்மாகுலாட்டா கல்லூரிக் கதையை யார் எழுதினாலும் டூத்பிரஷ்ஷில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1972 மார்ச். அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்காக ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற அமைப்பு நடத்திய முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி, இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில். பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய, பெண்களுக்கான சின்னக் கல்லூரியான இம்மாகுலாட்டாவிடம் அங்கே போய்ச்சேரக் காசு இல்லை. பிள்ளைகள் டூத்பிரஷ் விற்றார்கள். அப்படியும் எட்டு வீராங்கனைகளுக்குத்தான் தேறியது. அதுவும் விமானத்தில் இடம் மிஞ்சினால் ஏற்றிக்கொள்ளும் மலிவு டிக்கெட். திரும்பும்போது அவர்கள் தேசிய சாம்பியன்கள்.

முதல் தடவை படித்தபோது நானும் உருகினேன். ஆனால் "சிஸ்டர்களின் ஜெபம் பலித்தது" என்கிற மாதிரி கதையை முடிக்கும்போது இப்போது எரிச்சல்தான் வருகிறது. ஜெபத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. அரங்கத்தில் வாளிகளைத் தட்டி அதகளம் பண்ணிய அந்தக் கன்னியாஸ்திரிகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கான்வென்டில் படித்தவர்கள் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள், உங்கள் சிஸ்டர் வாளியும் கையுமாக! ஆனால் பந்தைக் கூடையில் போட்டது வாளி இல்லையே.

கல்லூரிதான் சின்னது. அதன் பின்னால் இருந்த ஊர் சின்னதில்லை. பிலடெல்பியாவின் கத்தோலிக்கப் பள்ளிகளில் பெண்கள் கூடைப்பந்து பல வருடமாக ஊறிப்போன விஷயம். அந்தப் பள்ளிகளில் ஆடி வளர்ந்த பெண்கள்தான் இம்மாகுலாட்டாவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான தெரசா ஷாங்க் வேறு கல்லூரிக்குப் போக இருந்தவர். வீடு தீப்பிடித்து எரிந்ததால் வெளியூர் போகாமல் பக்கத்திலேயே சேர்ந்தார். விளையாட்டுக்கு உதவித்தொகை கொடுக்க அப்போது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. விதியே தடை. அதனால் பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இவர்களைப் பணம் காட்டிக் கூட்டிப்போக முடியாது. நல்ல வீராங்கனை வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் சேர்வார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அதுவரை பெண்கள் ஆட்டத்தில் அணிக்கு ஆறு பேர். எல்லாரும் மைதானம் முழுக்க ஓடக்கூட அனுமதி கிடையாது. 1971-இல்தான் ஆண்களைப் போல ஐந்து பேர், முழு மைதானம் என்று விதி மாறியது. புது விதி வந்த முதல் பருவத்திலேயே வந்தது இந்தப் போட்டி. கோச் கேத்தி ரஷ்ஷுக்கு அப்போது இருபத்து நான்கு வயதுதான். கணவர், ஆண்களின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் நடுவர். ஆண்களின் வேகமான ஆட்டம் அவருக்கு வீட்டிலேயே பழக்கம். கேத்தியின் வருடச் சம்பளம் 450 டாலர். கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடமோ 1967-இலேயே எரிந்து போயிருந்தது.

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது வெஸ்ட் செஸ்டர். சில நாட்களுக்கு முன்னால் வட்டாரப் போட்டியில் இதே அணி இவர்களை 70-38 என்று துவைத்து எடுத்திருந்தது. 32 புள்ளி வித்தியாசம்! நார்மலில் இம்மாகுலாட்டா 52-48 என்று ஜெயித்தது. சரி, இந்த ஒரு ஆட்டத்தை வேண்டுமானால் அற்புதம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். 1973, 1974 என்று அடுத்த இரண்டு வருடமும் கோப்பை அங்கேயே போனதை என்ன சொல்வீர்கள்?

நார்மலில் ஜெயித்த மூன்றே மாதத்தில், ஜூன் 23 அன்று, டைட்டில் நைன் சட்டம் கையெழுத்தானது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் பெண்களை ஒதுக்கக் கூடாது. 1973-இல் உதவித்தொகைத் தடையும் போனது. பெரிய பல்கலைக்கழகங்கள் கஜானாவைத் திறந்தன. உடனே சின்னக் கல்லூரிகள் காணாமல் போய்விடவில்லை. 1975 இறுதியில் இம்மாகுலாட்டாவை 90-81 என்று வீழ்த்தியதே மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட்தான், அதுவும் சிறிய கல்லூரி. அங்கே ஆடிய லூசியா ஹாரிஸ்தான் 1976-இல் ஒலிம்பிக் பெண்கள் கூடைப்பந்தின் முதல் கூடையைப் போட்டவர். ஆனால் அந்தக் காலம் நீளவில்லை. 1982-இல் அதுவரை ஆண்கள் போட்டிகளை நடத்திவந்த பெரிய கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்கள் போட்டியை எடுத்துக்கொண்டது, ஏ.ஐ.ஏ.டபிள்யூ. மூடப்பட்டது. இம்மாகுலாட்டா இன்று ஆடுவது விளையாட்டு உதவித்தொகையே இல்லாத, என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவில்.

இதைச் சொல்லி "பணம் வந்தது, விளையாட்டின் ஆன்மா போனது" என்று புலம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தெரசாவும், இம்மாகுலாட்டாவில் ஆடிய மரியான் கிராஃபோர்டும் பின்னாளில் கோச்சாகித் தேசியக் கோப்பை வென்றது ரட்கர்ஸ், ஓல்ட் டொமினியன் என்ற பெரிய இடங்களில். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது அந்தப் பணம்தானே?

டூத்பிரஷ் கதையை இனி யாராவது பகிர்ந்தால் ஒன்று கேட்கலாம் என்றிருக்கிறேன். எட்டுப் பேர் விமானம் ஏறினார்கள், சரி. அதே அணியில் வருடம் முழுக்கப் பயிற்சிக்கு வந்து, டிக்கெட் தேறாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்ட முடிவை யார் போய்ச் சொன்னார்கள்?