தண்ணீர் வரும் தேதியைச் சொல்லுங்கள், நாங்கள் காயப்போடுகிறோம்

நெல்லுக்குத் தண்ணீரைக் குறைப்பது பற்றித் தஞ்சாவூரில் நடந்த கூட்டத்தின் வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "டெல்டா விவசாயிக்குத் தண்ணீரின் அருமை தெரியவில்லை" என்கிறார் மேடையில் இருப்பவர். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதிப் பெரியவர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்கிறார், பாதியிலேயே மைக்கை வாங்கிவிடுகிறார்கள். இரண்டு நாளாக எனக்கு மனசு ஆறவில்லை.

2030-க்குள் பசியை ஒழிப்போம் என்று ஐ.நா. 2015-ல் இலக்கு வைத்ததை நான் குறை சொல்லவே மாட்டேன். 2023-ல் உலகத்தில் ஏறக்குறைய 73 கோடி பேர் பசியோடு இருந்தார்கள் என்பது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. குறைந்த தண்ணீரில் நெல் விளைவிக்க வழி தேடத்தான் வேண்டும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் முறையும் நல்ல முறைதான். வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் குறையும். நம்மூரில் இதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்போம்.

காய்ச்சல் எங்கள் கையில். பாய்ச்சல் யார் கையில்? பாபநாசம், கும்பகோணம் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) இருக்கிறது, மோட்டாரைப் போட்டால் தண்ணீர். கடைமடையான எங்கள் தலைஞாயிறு பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆற்றில் முறைவைத்துத் தண்ணீர் விடும்போது எங்கள் முறை வந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். அடுத்த முறை என்றைக்கு என்று தெரியாதவன் எந்த தைரியத்தில் வயலைக் காயப்போடுவான்?

அப்பா போட்டார். 2023 சம்பா, ஒன்பது மா (ஏறக்குறைய மூன்று ஏக்கர்), நேரடி விதைப்பு. பயிற்சியில் கொடுத்த குழாயைப் புதைத்துவைத்து, தினமும் காலையில் குனிந்து ஈர்க்குச்சியை விட்டு அளப்பார். செப்டம்பர் கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. குழாயில் இன்னும் 12-லேயே நிற்கிறது, 15-க்கு இறங்கட்டும் என்று மடையை அடைத்துவிட்டார். பக்கத்து வயல்காரர்கள் நிரப்பிக்கொண்டார்கள். அக்டோபர் 10-ல் மேட்டூரை மூடிவிட்டார்கள். அப்புறம் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. நவம்பர் மழையில் பாதிப் பயிர் தப்பியது. சொன்னபடி செய்த மனிதருக்குக் கிடைத்தது அது. அவருக்கா தண்ணீரின் அருமை தெரியாது?

"டெல்டாக்காரர்கள் புதுசாக எதையும் ஏற்கமாட்டார்கள்" என்று எழுதுவீர்கள். 1960-ல் ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் வந்தபோது, முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஜப்பான் நெல்லையும் நம் நெல்லையும் கலந்து எடுத்த ஆடுதுறை 27-ஐ குறுவையில் வாரிப்போட்டது எங்கள் தாத்தா தலைமுறை. அந்தக் கலப்பு முயற்சியே ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவில் நடந்ததுதான். நாங்களா ஏற்காதவர்கள்?

"நெல்லை விட்டுச் சிறுதானியம் போடலாமே" என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் களிமண் வயலை ஒருமுறை வந்து பாருங்கள். முழங்கால் தண்ணீரில் கேழ்வரகு நிற்காது, அழுகிவிடும். சம்பா அறுப்புக்கு முன்னாலேயே உளுந்து தெளித்து, இருக்கிற ஈரத்திலும் பனியிலும் விளைய வைக்கிறோமே, அதற்குச் சொட்டுத் தண்ணீர் யாரிடமும் கேட்டதுண்டா?

"கர்நாடகத்தில் விவசாயி இல்லையா?" இருக்கிறார். அவரோடு எனக்குச் சண்டை இல்லை. காவிரியில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீரைக் கர்நாடகம் விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியாயிற்று. அது எந்த மாதம் எவ்வளவு வரும் என்று நம்பி விதைக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில், காவிரியின் கிளையான வெண்ணாற்றுப் பகுதியில் ஆறுகளையும் மதகுகளையும் சீர்படுத்தினார்களே, அது சரியான இடத்தில் வைத்த கை. பணம் அங்கே போகட்டும். முதலில் தண்ணீர் வரும் தேதி, அப்புறம் குழாய்.

வீடியோவை அப்பாவிடம் காட்டியிருக்கக் கூடாது. முழுசாகப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார். சாயந்திரம் வயலுக்குப் போனேன். மடைக்குப் பக்கத்தில் குழாயை இன்னும் பிடுங்காமல்தான் வைத்திருக்கிறார். வாயில் தூசி விழாமல் தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கவிழ்த்து மூடியிருந்தது.