ஏரியில் காலி இடம் வேண்டும்

அக்டோபர் பிறந்துவிட்டால் சென்னை அடையாற்றங்கரையில் எங்கு போனாலும் ஒரே விசாரிப்புதான்: செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி? சென்னைக்குக் குடிநீர் தரும் அந்த ஏரியின் உபரி நீர் அடையாற்றில்தான் கலக்கும். 24 அடிதான் அதன் முழு உயரம். 22ஐத் தாண்டியதும் டிவியில் "ஏரி நிரம்புகிறது, மக்கள் மகிழ்ச்சி" என்று ஓடும். ஆற்றோரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விடும்.

நிரம்பிய ஏரி வெள்ளத்தைத் தடுக்காது. ஏரியில் மிச்சமிருக்கும் இடம்தான் தடுக்கும். செம்பரம்பாக்கத்துக்கு இருப்பது மண்கரை. தண்ணீர் கரைமேல் ஏறினால் அரித்து உடைத்துவிடும். அதனால் ஏரி நிறைந்தபிறகு, வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர பொறியாளருக்கு வேறு வழியே கிடையாது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். மணிக்கு நூறு மில்லியன் கன அடிக்கு மேல்! முன்கூட்டியே 1,000 மில்லியன் கன அடி இடம் விட்டிருந்தால், அவ்வளவு பெரிய வரத்தையும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஏரியே வாங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எத்தனை குடும்பங்கள் மேட்டுக்குப் போயிருக்கலாம்!

"தண்ணீரைத் திறந்துவிட்டுக் கோடையில் என்ன குடிப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2019 கோடையில் இதே ஏரி வறண்டு கிடந்ததை யாரும் மறக்கவில்லை. ஏரியைக் காலி செய்யச் சொல்லவில்லை, மழைக்கு முன் கொஞ்சம் இடம் விடத்தான் சொல்கிறேன். 2020இல் நிவர் புயலின்போது 22 அடியிலேயே திறக்கத் தொடங்கினார்கள். அது சரியான முடிவு, மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் பேச்சு செம்பரம்பாக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கத்து ஏரித் தண்ணீரும் அடையாற்றுக்குத்தானே வருகிறது? 2015இல் அந்தப் பக்கத்துத் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அங்கிருந்து வந்த வெள்ளத்துக்கும் செம்பரம்பாக்கம் ஷட்டருக்கும் சம்பந்தமே இல்லை.

இந்தச் சின்ன ஏரிகள் பலவற்றில் கலங்கலுக்கு, அதாவது உபரி நீர் வழியும் இடத்துக்கு, ஷட்டர் கிடையாது. நிரம்பினால் தானாக வழியும், அவ்வளவுதான். முன்பு மதகு வழியாக வயலுக்குத் தண்ணீர் போகும், ஏரியும் இறங்கும். ஏரிப் பாசனம் பெற்ற அந்த ஆயக்கட்டு நிலம் வீட்டு மனையானதும் வாய்க்காலை மூடினார்கள், மதகு செத்துப்போனது. நவம்பரிலேயே ததும்பி நிற்கும் ஏரிமேல் அடுத்த மழை விழுந்தால், அது அப்படியே எங்கள் தெருவுக்குத்தான்.

நடைபாதைக்கும் செல்ஃபி மேடைக்கும் செலவழிக்கும் பணத்தில் முதலில் அந்த மதகுகளைச் சரிசெய்யுங்கள். கலங்கலில் ஷட்டர் வையுங்கள். வானிலை மையம் கனமழை என்று சொன்ன அன்றே இரண்டு அடி இறக்குங்கள். ஆற்றோரத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் உங்கள் கவுன்சிலரிடம் இதை இந்த மழைக்கு முன்பே கேளுங்கள்.