எலிசபெத் வெபருக்கு நடந்ததை மறந்துவிட்டு எழுத வராதீர்கள்

2024 ஜனவரியில் ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி சீரியலின் தலைமை எழுத்தாளர்கள் இருவரையும் தூக்கினார்கள். டான் ஓ’கானர், கிறிஸ் வான் எட்டன். அந்த இடத்துக்கு பேட்ரிக் மல்கேஹியும் எலிசபெத் கோர்ட்டும் வந்தார்கள். அரை வருடம்கூட ஆகவில்லை, மல்கேஹி வெளியே. அவர் இடத்துக்கு யார் வந்தது தெரியுமா? ஜனவரியில் அனுப்பிவைத்த அதே வான் எட்டன். வேண்டாம் என்று அனுப்பியவரைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தால், முதலில் எதற்காக அனுப்பினீர்கள்? நடுவில் வந்தவரை எதற்காகக் கூப்பிட்டீர்கள்? இதை யாரும் பார்க்கிற எங்களுக்குச் சொல்வதில்லை. எபிசோடில் ஓடும் பெயர் வரிசையைப் பார்த்து, ஒரு பெயர் காணாமல் போனதை வைத்து நாங்களே புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வயிறு எரிகிறது.

1963 ஏப்ரல் 1 முதல் ஏபிசி சேனலில் ஓடிக்கொண்டிருக்கும் தொடர் இது. மதியம் ஒளிபரப்பாவதை வேலை முடிந்து வந்து ஹூலு என்ற இணையத் தளத்தில் போட்டுப் பார்ப்பவள் நான். “அமெரிக்காவுக்கு வந்தும் சீரியலா?” என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டு போகட்டும். அறுபது வருடமாக ஒரே ஊர், அதே குடும்பங்கள், பல பாத்திரங்களில் முப்பது நாற்பது வருடமாக அதே நடிகர்கள். அந்த மனிதர்களின் மொத்த வாழ்க்கையையும் கூடவே இருந்து பார்க்க வேறு எந்தக் கலையில் முடியும்? அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு கோபம்.

எழுத்து வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தலைமை எழுத்தாளர் வரப்போகும் மாதங்களுக்கான பெரிய கதையை யோசித்து எழுதுவார். சேனல்காரர்கள் படித்து ஒப்புதல் தர வேண்டும். பிறகு அதை நாள்வாரியாகப் பிரித்து, எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி என்று எழுத ஒரு குழு. அதற்கு வசனம் எழுத இன்னொரு குழு. வாரத்துக்கு ஐந்து எபிசோட், வருடம் முழுக்க. இதில் படப்பிடிப்பு, ஒளிபரப்புக்குப் பல வாரங்கள் முன்னாலேயே முடிந்துவிடும். அதாவது புதிதாக வந்தவரின் எழுத்து எங்கள் கண்ணில் படுவதற்கே மாதக்கணக்காகும். மல்கேஹி எழுதியது திரைக்கு வரத் தொடங்கியதே வசந்தகாலத்தில்தான். கோடையில் ஆளைக் காணோம். ஒரு கதை வேர் பிடித்ததா என்று பார்க்கக்கூட அவகாசம் தரவில்லை. பதின்மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கும் பழைய வழக்கம் வேறு இந்தத் துறையில் உண்டு. வருடக்கணக்கில் வளர வேண்டிய கதையைப் பதின்மூன்று வாரக் கணக்கில் எடைபோட்டால் என்ன மிஞ்சும்?

மல்கேஹி யாரோ புதுமுகம் இல்லை. 90-களின் தொடக்கத்தில் நம் ஊரில் கேபிள் வந்த புதிதில் ஸ்டார் பிளஸில் ‘சான்டா பார்பரா’ பார்த்தவர்கள் இருப்பீர்களே, அதற்கு வசனம் எழுதிய குழுவில் இருந்தவர். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் வாங்கியவர். இரண்டு பேரை ஓர் அறையில் உட்கார வைத்துப் பேசவிட்டால் போதும், அந்தப் பேச்சிலேயே காட்சியை நகர்த்திவிடுவார். துப்பாக்கி வேண்டாம், கடத்தல் வேண்டாம். அவர் எபிசோட்கள் மெதுவாகப் போகின்றன என்று முனகியவர்கள் உண்டு. போகட்டுமே. மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

ஆனால் என் உண்மையான கோபம் ஒரு மல்கேஹிக்காக மட்டும் இல்லை. எழுதுகிற ஆள் மாறும்போதெல்லாம் பாத்திரங்களின் நினைவையே துடைத்து எடுக்கிறார்களே, அதற்காக.

எலிசபெத் வெபரை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இலிருந்து இன்றுவரை ரெபெக்கா ஹெர்ப்ஸ்ட் ஒருவரே நடிக்கும் பாத்திரம். 1998 காதலர் தினத்தன்று, பள்ளிக்கூடம் போகும் வயதில், பூங்காவில் அவளுக்குப் பாலியல் வன்கொடுமை நடக்கிறது. பனியில் கிடந்தவளை லக்கி என்ற பையன் கண்டெடுத்துக் கூட்டிப்போகிறான். அதற்குப் பிறகு அந்தப் பெண் யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்ததையும், கொஞ்சம் கொஞ்சமாக மீண்டதையும் அந்தத் தொடர் அவசரப்படாமல் காட்டியது. தொடரின் ஆகச் சிறந்த கதைகளில் ஒன்று.

2009-இல் ராபர்ட் குஸா தலைமை எழுத்தாளராக இருந்தபோது ஃபிராங்கோ என்றொரு பாத்திரம் வந்தது. ஜேம்ஸ் ஃபிராங்கோ நடித்தார். கொலைகளைக் கலை என்று சொல்லிக்கொண்டு திரியும் தொடர் கொலைகாரன். சிறையில் மைக்கேல் என்ற பையனுக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பின்னால் இருந்தவனும் அவன்தான். 2012-இல் தலைமை எழுத்தாளராக ரான் கார்லிவாட்டி வந்தார். 2013-இல் ஃபிராங்கோவை ரோஜர் ஹோவார்த் என்ற வேறு நடிகரின் முகத்தோடு திரும்பக் கொண்டுவந்து, மூளையில் கட்டி இருந்ததால்தான் அப்படியெல்லாம் செய்தான் என்றார்கள். கட்டியை எடுத்தாயிற்று, ஆள் நல்லவனாகிவிட்டான். 2015-இல் அவர் இடத்துக்கு ஜீன் பாசனான்ட்டேயும் ஷெல்லி ஆல்ட்மனும் வந்தார்கள். இப்போது ஃபிராங்கோ மருத்துவமனையில் ஓவியம் கற்றுத்தந்து நோயாளிகளைத் தேற்றுகிறவன். அவனுக்கு யாரைக் காதலியாக்கினார்கள்? எலிசபெத்தை.

1998-இல் பனியில் கிடந்த அதே எலிசபெத்தை.

2019-இல் கல்யாணமும் ஆனது. ஹோவார்த்தும் ஹெர்ப்ஸ்ட்டும் அருமையாக நடித்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஜோடியை நேசித்தவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணின் கடந்த காலத்தை முழுசாக மனதில் வைத்திருக்கும் ஒருவர் இந்த முடிச்சைப் போட்டிருக்க முடியுமா? போட்டிருந்தாலும், அவள் எப்படி அந்த இடத்துக்கு வந்தாள் என்பதை ஒரு வருடம் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டாரா? 2021-இல் ஆட்சி மறுபடி மாறியிருந்தது. ஃபிராங்கோவைக் கொன்றுவிட்டார்கள். கொலைகாரனாக ஒருவர் படைத்தார், நோயாளி என்று ஒருவர் மன்னித்தார், கணவனாக்கி இன்னும் சிலர் கொண்டாடினார்கள், கடைசியில் வந்தவர்கள் சுட்டுப் போட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் எலிசபெத் என்ன நினைத்தாள் என்று கேட்க ஆள் இல்லை. அவள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பார்க்கிற நாங்களும்தான்.

இதைவிட மோசமாக நடந்ததும் உண்டு. ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடரில் 1973-இல் எரிக்கா கேன் என்ற நாயகி கருக்கலைப்பு செய்துகொள்கிறாள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் சட்டப்படி அனுமதித்த அதே வருடம். ஆக்னஸ் நிக்சன் உருவாக்கிய தொடர். பகல்நேரத்தில் வீட்டில் இருந்த லட்சக்கணக்கான பெண்கள் பார்க்க, ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி எடுத்த முடிவை அவர் தொடர் சொன்னது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த முடிவு எரிக்காவின் வாழ்க்கையின் ஒரு பகுதியாக இருந்தது. 2006-இல் மேகன் மெக்டாவிஷ் தலைமை எழுத்தாளராக இருந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் கரு கலையவே இல்லையாம். மருத்துவர் அதைத் திருடித் தன் மனைவியின் வயிற்றில் வைத்துவிட்டாராம். அதில் பிறந்தவன் ஜோஷ் மேடன், வளர்ந்த ஆளாக எரிக்கா முன்னால் வந்து நிற்கிறான். மருத்துவத்தில் நடக்காத காரியம் என்பதை விடுங்கள். ஒரு பெண் எடுத்த முடிவை, அவள் முடிவே எடுக்கவில்லை என்று மாற்ற ஓர் எழுத்தாளருக்கு யார் உரிமை கொடுத்தது? நிக்சன் அப்போது உயிரோடு இருந்தார். தன் தொடரில் இது நடப்பதை அவர் பார்க்க வேண்டியிருந்தது.

சரி, இவ்வளவு அட்டூழியம் செய்து கொண்டுவந்த பையனை வைத்தாவது ஏதாவது செய்தார்களா? 2007-இல் மெக்டாவிஷ் போனார். அடுத்து ஓர் எழுத்தாளர் ஜோடி, அதற்கடுத்து சார்ல்ஸ் பிராட். 2009-இல் ஜோஷ் மூளைச்சாவு அடைகிறான், அவன் இதயத்தை எரிக்காவின் மகள் கெண்டலுக்குப் பொருத்துகிறார்கள். முடிந்தது. முப்பது வருடக் கதையை உடைத்து உள்ளே நுழைத்தவனை மூன்றே வருடத்தில் உறுப்புதானத்தில் கழித்துக்கட்டினார்கள்.

இதயம் என்றதும் எனக்கு 1994 ஞாபகம் வருகிறது. ஜெனரல் ஹாஸ்பிடலில் கிளேர் லபீன் எழுதிய காலம். டோனி, பாபி தம்பதியின் சின்னப் பெண் பி.ஜே. பள்ளிப் பேருந்து விபத்தில் மூளைச்சாவு அடைகிறாள். அவள் சித்தப்பா மகள் மேக்ஸி அதே மருத்துவமனையில் இதயம் கிடைக்காமல் சாகக் கிடக்கிறாள். மகளின் இதயத்தைக் கொடுக்க டோனியும் பாபியும் ஒப்புக்கொள்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு டோனி மேக்ஸியின் படுக்கைக்கு வந்து, குனிந்து, அவள் மார்பில் காதை வைத்துத் தன் மகளின் இதயத்துடிப்பைக் கேட்கிறார். வசனம் தேவைப்படாத காட்சி. அந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு, யார் எதை இழந்திருக்கிறார்கள் என்று தெரிந்த ஒருவர் எழுதியதால்தான் அது இன்றும் நிற்கிறது. 2009-இல் கெண்டலுக்குப் போனதும் இதயம்தான். அதை நினைத்து இன்று யார் அழுகிறார்கள்?

டக்ளஸ் மார்லண்ட் என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ தொடரை 1985 முதல் 1993-இல் இறக்கும்வரை எழுதியவர். ஒரு தொடரைக் கெடுக்காமல் இருப்பது எப்படி என்று புதிதாக வரும் எழுத்தாளர்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தொடரைப் பாருங்கள், அதன் வரலாற்றைப் படியுங்கள், ரசிகர் கடிதங்களைப் படியுங்கள், நடிகர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், ஆறு மாதத்துக்கு யாரையும் வேலையை விட்டு அனுப்பாதீர்கள். இதில் எது கஷ்டம்? எதற்குப் பணம் செலவாகும்? அவர் சொன்ன ஆறு மாதத்தைக்கூட மல்கேஹிக்குக் கொடுக்கவில்லையே!

ரேட்டிங் விழுகிறது, அதனால் மாற்றுகிறோம் என்பார்கள். பயம் எனக்கும் புரிகிறது. 2009-இல் ‘கைடிங் லைட்’, 2010-இல் ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’, 2011-இல் ‘ஆல் மை சில்ட்ரன்’, 2012 ஜனவரியில் ‘ஒன் லைஃப் டு லிவ்’ என்று வரிசையாக மூடினார்கள். ஆனால் எது நிலைத்தது என்றும் பாருங்கள். ‘தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்’ தொடரை உருவாக்கிய பில் பெல், 1973 முதல் 1998 வரை அதன் தலைமை எழுத்தாளர். இருபத்தைந்து வருடம் ஒரே கை. 80-களின் இறுதியில் அவர் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அது பார்வையாளர் எண்ணிக்கையில் முதலிடத்துக்கு வந்து அங்கேயே உட்கார்ந்தது. ‘தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்’ அவர் மகன் பிராட் கையில் 90-களிலிருந்து இருக்கிறது. அதன் முக்கோணக் காதல்கள் எனக்குச் சலித்துப்போனவைதான், ஆனாலும் நேற்று நடந்தது இன்று நடக்கவே இல்லை என்று அங்கே யாரும் எனக்குக் கதை விடுவதில்லை.

மே 2023-இல் அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. 148 நாள். நல்ல நியாயமான போராட்டம். அப்போதும் இந்தத் தொடர்கள் நிற்கவில்லை. சங்கத்துக்கு வெளியே இருந்தவர்களை வைத்து ஓட்டினார்கள். யார் எழுதியது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எழுதுகிறவர்களை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னொரு முறையும் மாற்றத்தான் போகிறீர்கள், தெரியும். மாற்றுங்கள். ஆனால் வருகிறவர் ஒரு வரி எழுதும் முன் அவரை உட்காரவைத்து 1994-ஐயும் 1998-ஐயும் போட்டுக் காட்டுங்கள். அதற்கு எத்தனை வாரம் ஆனாலும் சம்பளம் கொடுங்கள். முன்னவர் எழுதி வைத்துவிட்டுப் போன கதைத் திட்டத்தை அவர் கையில் கொடுத்து, தொடங்கியதை முடிக்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் ஒரு வருடம் அவர் பக்கம் போகாதீர்கள்.